பூங்காவைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தார் எதற்கு?

"வரி கட்டுகிறோம். பூங்காவைப் பராமரிப்பது நகர நிர்வாகத்தின் வேலை. அப்புறம் நாம் ஏன் விடுமுறை நாளில் கையுறை மாட்டிக்கொண்டு களை பிடுங்க வேண்டும்?" பூங்காத் தன்னார்வலர் குழு என்று பேச்செடுத்தாலே முதல் கூட்டத்தில் எழும் கேள்வி இது. உடனே இன்னொருவர், "நிர்வாகத்தை நம்பினால் பூங்கா குப்பைமேடாகிவிடும். மொத்தமாக நம்மிடமே விட்டுவிடச் சொல்லுங்கள்" என்பார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். தன்னார்வலர் செய்யக்கூடிய வேலை வேறு. நகரம் செய்தே ஆகவேண்டிய வேலை வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றை ஈடுகட்டப் பார்த்தால் பூங்காவும் கெடும், குழுவும் கலையும். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது, ஏன் அங்கே விழுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## கட்டப் பணம் வரும், காக்கப் பணம் வராது

பூங்காவுக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. ஒன்று மூலதனச் செலவு: நடைபாதை போடுவது, ஊஞ்சல் வைப்பது, சுற்றுவேலி கட்டுவது. ஒருமுறை செய்தால் முடிந்தது. கடன் பத்திரம், மானியம், பெரிய நன்கொடை என்று இதற்குப் பணம் வரப் பல வழிகள் இருக்கின்றன. திறப்பு விழா நடக்கும், பெயர் பொறித்த பலகை நிற்கும். இன்னொன்று பராமரிப்புச் செலவு: புல் வெட்டுவது, குப்பைத் தொட்டியைக் காலி செய்வது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, கழிப்பறை கழுவுவது. இதற்கு முடிவே கிடையாது. பெரும்பாலும் நகரத்தின் அன்றாட வரவு செலவிலிருந்துதான் இதற்குப் பணம் எடுக்க வேண்டும். நெருக்கடி வரும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இதில்தான்.

ஏன் இதில் கைவைக்கிறார்கள்? பூங்காவைக் கவனிக்காமல் விட்டால் அன்றைக்கே ஒன்றும் ஆகிவிடுவதில்லை. குடிநீர் நின்றால் மறுநாள் காலை ஊரே கேட்கும். பூங்காவில் குழாய் கசிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் மாதம் தரையில் ஒரு ஈரத் திட்டு தெரியும். சில மாதங்களில் அடிமண் இளகி நடைபாதைக் கல் ஒரு பக்கமாக இறங்கும். அதில் ஒரு முதியவர் தடுக்கி விழுவார். ஒரு வாஷரோடு முடிந்திருக்க வேண்டியது, பாதையைப் பெயர்த்துத் திரும்பப் போடும் வேலையாக வளர்ந்து நிற்கும். தள்ளிப்போட்ட பராமரிப்பு என்பது இதுதான். மிச்சம் பிடித்ததுபோல் கணக்கில் தெரியும். உண்மையில் அது வட்டியோடு ஏறும் கடன்.

பிரிட்டனில் இது வெளிப்படையாகவே நடந்தது. அங்கே பூங்காவைப் பராமரிப்பது உள்ளாட்சிகளின் சட்டக் கடமை அல்ல. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் கடமைகள். 2010-க்குப் பிறகு மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் நிதியைக் குறைத்தபோது, கடமையானவற்றைக் காப்பாற்றக் கடமையல்லாதவற்றில் கைவைத்தார்கள். பூங்கா அதில் முன்வரிசையில் இருந்தது.

அதற்கு முன்பே நியூயார்க்கில் இதே கதை நடந்திருக்கிறது. 1858-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்படத் தொடங்கிய சென்ட்ரல் பார்க் (இன்று 843 ஏக்கர்), 1970-களில் நகரம் திவாலாகும் நிலைக்குப் போனபோது சீரழிந்தது. புல்வெளி மண்தரையானது, கட்டடங்கள் பாழடைந்தன, இருட்டிய பின் மக்கள் உள்ளே போகப் பயந்தார்கள். அந்தச் சீரழிவிலிருந்து 1980-ல் உருவானதுதான் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு. இன்று உலகின் பல நகரங்கள் பின்பற்ற நினைக்கும் மாதிரி அது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தன்னார்வலர் குழுக்களில் பெரும்பாலானவை பராமரிப்பு சரிந்த இடத்தில்தான் பிறக்கின்றன. அதனால், அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அவர்கள் இருக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பும் கூடவே பிறந்துவிடுகிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு வேர் இதுதான்.

## தன்னார்வலர் என்ற ஒரே பெயரில் நான்கு பேர்

செய்திகளில் எல்லோரையும் "தன்னார்வலர்கள்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் குழப்பம் வருகிறது. களத்தில் இவர்கள் நான்கு வகை.

1. ஒருநாள் வருபவர்கள். ஒரு நிறுவனமோ கல்லூரியோ ஐம்பது பேரை அனுப்பும். காலையில் வருவார்கள், மதியத்துக்குள் போய்விடுவார்கள். பெஞ்சுக்கு வண்ணம் பூசுவது, மூடாக்கு (செடியடி மண்ணை மூடும் மரத்தூள், பட்டைத் துண்டு) பரப்புவது, இலைக் குவியலை அள்ளுவது போன்ற மொத்த வேலைக்கு நல்ல கைகள். ஆனால் ஐம்பது பேருக்கும் மண்வெட்டி, கையுறை, தண்ணீர், மேற்பார்வை எல்லாம் யாராவது தயார் செய்ய வேண்டும். தயாரிப்பில்லாமல் அழைத்தால் செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டுப் போவார்கள்.

2. தொடர்ந்து வருபவர்கள். பூங்காவைச் சுற்றிக் குடியிருப்பவர்கள். பத்துப் பேர் இருந்தாலே அதிகம். பிரிட்டனில் "பூங்காவின் நண்பர்கள்" என்ற பெயரில் இப்படி ஆயிரக்கணக்கான குழுக்கள் இருக்கின்றன. ஜப்பானில் யோகோஹாமா போன்ற நகரங்களில் பூங்காவுக்கு ஒரு குடியிருப்போர் குழு என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பெருக்குவதும் களை எடுப்பதும் குழு. கருவியும் சிறு உதவித்தொகையும் ஆலோசனையும் நகரம்.

3. பயிற்சி பெற்றவர்கள். இளமரங்களைக் கவாத்து செய்யவோ (வேண்டாத கிளைகளை வெட்டவோ), பறவைகளைக் கணக்கெடுக்கவோ, படையெடுத்துப் பரவும் செடிகளை அடையாளம் காணவோ கற்றுக்கொண்டவர்கள். எண்ணிக்கையில் குறைவு, மதிப்பில் அதிகம்.

4. பூங்காவை நடத்தும் அமைப்புகள். சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி இந்த வகை. சம்பளத்துக்குத் தோட்டக்காரர்களை வைத்திருக்கிறது. 1998-ல் நகரத்தோடு முறையான மேலாண்மை ஒப்பந்தம் போட்டது. பூங்காவின் ஆண்டுச் செலவில் பெரும்பகுதியை நன்கொடையாகத் திரட்டுகிறது. அதில் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதைத் தன்னார்வலர் குழு என்று சொல்லவே முடியாது.

"அங்கே மக்களே பூங்காவை நடத்துகிறார்களாமே, இங்கே ஏன் முடியாது?" என்று கேட்பவர்கள் நான்காவது வகையைப் பார்த்துவிட்டு இரண்டாவது வகையிடம் அதை எதிர்பார்க்கிறார்கள். சுற்றிலும் பெரும் செல்வந்தர்கள் வசிக்கும் ஒரு பூங்காவுக்கு நடந்ததை, நாற்பது வீடுகளுக்கு நடுவே இருக்கும் அரை ஏக்கர் பூங்காவிடம் கேட்பது நியாயமில்லை.

இனி வருவது பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றி.

## உழைப்பைவிடப் பெரிய கொடை

கையால் செய்யும் வேலையை மட்டும் கணக்குப் போட்டால், தன்னார்வலர் தருவது சிறிது. மாதம் இரண்டு முறை மூன்று மணி நேரம் பத்துப் பேர் வேலை செய்தால் அறுபது மணி நேரம். முழுநேரத் தோட்டக்காரர் ஒருவரின் ஒன்றரை வார உழைப்பு அது. பயிற்சியும் கருவியும் உள்ள தோட்டக்காரர் அந்த நேரத்தில் இதைவிட அதிகமே செய்து முடிப்பார். அப்படியானால் குழு எதற்கு?

அவர்கள் தருவதில் மிக முக்கியமானது, தினமும் அங்கே இருக்கும் கண்கள். நகரத்தின் பணியாளர் குழு ஒரு நாளில் பல பூங்காக்களைச் சுற்றி வரும். அவர்கள் வரும் நேரத்தில் விளக்கு எரிகிறதா என்று தெரியாது, பகல்தானே. வடிகால் அடைத்திருப்பது மழை பெய்யும்போதுதான் தெரியும். எந்த மூலையில் பெண்கள் தனியாக நடக்கத் தயங்குகிறார்கள் என்பது எந்தப் பணிப்பட்டியலிலும் இருக்காது. மாலையில் தினமும் நடக்கும் ஒருவருக்கு இதெல்லாம் தெரியும். அந்தத் தகவலைத் தேதியோடும் படத்தோடும் சரியான ஆளுக்கு அனுப்பத் தெரிந்த ஒரு குழு, பத்துக் களைக்கொத்திகளைவிட மேல்.

இரண்டாவது, சரியான நேரம். இதற்கு இளமரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நட்ட மரம் பிழைப்பதும் பட்டுப்போவதும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்மானமாகிறது. நாற்றங்காலிலிருந்து தோண்டி எடுக்கும்போதே மரம் வேரில் பெரும்பங்கை இழந்திருக்கும். புது வேர் பரவும்வரை, வறண்ட காலத்தில் வாரத்துக்கு ஐம்பது அறுபது லிட்டர் தண்ணீர் அதற்கு வேண்டும். அதையும் ஒரேயடியாகக் கொட்டினால் மேலோடு ஓடிவிடும். மெதுவாக இறங்க விட வேண்டும். நகரத்தின் தண்ணீர் வண்டி மாதம் ஒருமுறை வந்து வாரியிறைத்துவிட்டுப் போனால் அந்த மரத்துக்குப் பயனில்லை. எதிர் வீட்டில் இருப்பவர் வாரம் ஒருநாள் மூன்று நான்கு குடம் நிதானமாக ஊற்றினால் மரம் நிற்கும். இங்கே உழைப்பின் அளவைவிட, அது எப்போது வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மரத்தைச் சுற்றி மூடாக்கு போடுவதும் அப்படித்தான். மரத்தூளோ பட்டைத் துண்டுகளோ ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், புல்வெட்டும் இயந்திரம் மரத்தை நெருங்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆர்வக்கோளாறில் அடிமரத்தைச் சுற்றிக் கூம்பாகக் குவித்துவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். உள்ளே பட்டை எந்நேரமும் ஈரமாக இருந்து அழுகும், எலி குடியேறும், மரத்தைச் சுற்றி வளைக்கும் வேர்கள் கிளம்பும். தண்டு விரிந்து வேராகும் இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் மூடாக்கு தொடங்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்லிக் கொடுக்க ஆளில்லாத இடத்தில் ஐம்பது பேர் சேர்ந்து ஐம்பது மரங்களுக்கு ஒரே தவற்றைச் செய்துவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது, குரல். பட்ஜெட் கூட்டத்தில் பூங்காவுக்காக எழுந்து பேச யாரும் இல்லாவிட்டால் பூங்காவின் பணம் வேறு தலைப்புக்குப் போகும். தன் கையால் களை எடுத்தவர் பேசும் பேச்சுக்கு எடை அதிகம். எத்தனை விளக்கு எரியவில்லை, எந்தப் புகாருக்கு எத்தனை மாதமாகப் பதில் இல்லை என்று அவருக்குத்தான் தெரியும்.

தொடர்ந்த சிறு பராமரிப்புக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு சிலவற்றில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன் செய்து, புல்லும் சில மரங்களும் வைத்து, தாழ்வான மரவேலி போட்டுத் தொடர்ந்து பராமரித்தார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. இதில் ஆடம்பரமாக எதுவும் செய்யவில்லை. யாரோ இந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த வேலைக்குப் பின்னால் பணமும் அமைப்பும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறும் நல்லெண்ணத்தை வைத்து மாதாமாதம் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது.

## தொடக்கூடாத வேலைகள்

எந்த வேலையைத் தன்னார்வலரிடம் கொடுக்கக்கூடாது என்பதில் நகரங்கள் கறாராக இருப்பதைப் பலர் அதிகாரத் திமிர் என்று நினைக்கிறார்கள். சில இடங்களில் அப்படியும் இருக்கலாம். ஆனால் பட்டியலில் இருக்கும் பெரும்பாலானவற்றுக்கு நல்ல காரணம் உண்டு.

1. விளையாட்டுக் கருவிகள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இங்கேதான் நல்லெண்ணம் நேரடியாக ஆபத்தாக மாறும். சறுக்குமரத்தின் மேடையில் ஒரு கம்பி உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைவேலை தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் ஒரு பலகையை அடித்துவிடுகிறார். மேலே கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளி சுமார் 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் நடுவே இருந்தால் அது உயிர்ப்பொறி. சிறு குழந்தையின் உடல் கால்வழியாக உள்ளே நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டிகள் இந்த அளவுகளைக் குறிப்பிட்டே எச்சரிக்கின்றன. ஐரோப்பாவில் இதற்கென்று தனித் தரநிலை இருக்கிறது. குழு செய்யவேண்டியது உடைந்ததைப் படம் எடுத்து அன்றே தெரிவிப்பது. சரி செய்வது பயிற்சி பெற்றவர் வேலை.

2. சங்கிலி ரம்பம், ஏணி, பெரிய கிளை. தரையில் நின்று கைக்கு எட்டும் உயரத்தில் கவாத்து செய்யலாம். அதற்கு மேல் போகக்கூடாது.

3. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி. பல நாடுகளில் பொது இடத்தில் இவற்றைத் தெளிக்க உரிமம் வேண்டும். குழந்தைகள் உருளும் புல்வெளி அது.

4. யாரோ பயன்படுத்தி எறிந்த மருந்து ஊசிகள், உடைந்த கண்ணாடி. கையுறை போட்டிருந்தாலும் ஊசியைக் கையால் எடுக்கக்கூடாது. சாதாரணக் கையுறையை ஊசி துளைத்துவிடும். இடுக்கியும் துளைக்க முடியாத டப்பாவும் பயிற்சியும் இருப்பவர் எடுக்கட்டும்.

5. மின்சாரம், நிலத்தடிக் குழாய்கள். ஆழமாகத் தோண்டுமுன் கேட்டே ஆக வேண்டும்.

மறுபுறம், தன்னார்வலர்கள் சிறப்பாகச் செய்யக்கூடிய ஒன்றை நகரங்கள் பெரும்பாலும் கேட்பதேயில்லை. படையெடுத்துப் பரவும் செடிகளை அகற்றும் வேலை அது. இயந்திரத்தால் முடியாது, மருந்தடித்தால் மற்றதும் சாகும், கையால் பொறுக்க வேண்டும். பூத்து விதை உதிர்வதற்கு முன் வேரோடு எடுக்க வேண்டும். அப்புறம் அதே இடத்துக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வர வேண்டும், ஏனென்றால் மண்ணுக்குள் விதை காத்திருக்கும். ஒப்பந்தக்காரர் ஒருமுறை வந்து பில் போட்டுவிட்டுப் போவார். திரும்பத் திரும்ப வருவது அருகில் குடியிருப்பவரால்தான் முடியும்.

## எழுதி வாங்காத உரிமை

1973-ல் நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவருடைய நண்பர்களும் குப்பை குவிந்து கிடந்த ஒரு காலி மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். மறு ஆண்டே நகரம் அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. அதைப் பார்த்து நகரமெங்கும் நூற்றுக்கணக்கான அக்கம்பக்கத் தோட்டங்கள் முளைத்தன. 1978-ல் நகரமே இவற்றுக்கு உதவ ஒரு திட்டம் தொடங்கியது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1999-ல் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலம் விட முடிவு செய்தது. இருபது ஆண்டு உழைப்பு, வளர்ந்த மரங்கள், அங்கேயே விளையாடி வளர்ந்த பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தும் நிலம் நகரத்துடையது. தோட்டக்காரர்களிடம் இருந்தது எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய அனுமதி மட்டும். கடைசி நேரத்தில் இரண்டு தொண்டு அமைப்புகள் விலைக்கு வாங்கியதால்தான் அவை பிழைத்தன. எல்லா ஊரிலும் அப்படி யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

எனவே களைக்கொத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தைப் பேச வேண்டும். இது நட்பைக் கெடுக்கும் பேச்சு என்று பலர் தயங்குகிறார்கள். எழுதிவைக்காததுதான் நட்பைக் கெடுக்கும். பூங்கா அதிகாரி மாறுவார், குழுத் தலைவர் வீடு மாறிப் போவார், வாய்ச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு பக்கம் போதும். அதில் இருக்கவேண்டியவை:

1. எந்த இடம். வரைபடத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும்.
2. குழு எதைச் செய்யும், எதைச் செய்யாது, எதற்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும்.
3. நகரம் தொடர்ந்து எதைச் செய்யும். வாரத்துக்கு எத்தனை முறை குப்பை எடுக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை புல் வெட்டும் என்று எண்ணோடு. இந்த வரிதான் ஒப்பந்தத்தின் உயிர்.
4. வேலை செய்யும்போது ஒருவருக்கு அடிபட்டால், அல்லது ஒருவரால் வழிப்போக்கருக்கு அடிபட்டால், யாருடைய காப்பீடு. நகரத்தில் பதிவு செய்த தன்னார்வலருக்கு நகரத்தின் காப்பீடு செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.
5. குழு வாங்கி வைத்த பெஞ்சும் செடியும் யாருடையவை. பெரும்பாலும் நகரத்துடையவை ஆகிவிடும். அது முன்பே தெரிந்திருந்தால் பிறகு மனக்கசப்பு வராது.
6. எத்தனை ஆண்டு, முறித்துக்கொள்ள எத்தனை நாள் அவகாசம்.

பொதுவான வளங்களை அவற்றைப் பயன்படுத்துவோரே காத்துவரும் ஏற்பாடுகளை ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினோர் ஆஸ்ட்ரம் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. நீடித்து நின்ற ஏற்பாடுகளில் எல்லை தெளிவாக இருந்தது, விதிகளைப் பயன்படுத்துவோரே சேர்ந்து வகுத்தார்கள், கண்காணிப்பும் அவர்களிடம் இருந்தது, மேலே இருக்கும் அரசும் அந்த உரிமையை அங்கீகரித்தது. இந்த நான்கில் கடைசியானதை எழுத்தில் வாங்குவதுதான் ஒப்பந்தம்.

## பணம் யார் பெயரில் இருக்கிறது

சிறு குழுக்களுக்குப் பெரும்பாலும் சட்டப்படியான பதிவு இருக்காது. ஆனால் யாராவது நன்கொடை கொடுத்தால் வாங்கிவைக்க ஒரு கணக்கு வேண்டும். அதற்குப் பல நாடுகளில் உள்ள வழி, பதிவு பெற்ற ஒரு பெரிய அமைப்பின் கீழ் கணக்கு வைத்துக்கொள்வது. பெரிய அமைப்பு பணத்தை வாங்கி வைக்கும், கணக்கு எழுதும், அதற்கொரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். சிறு குழு கேட்கும்போது கொடுக்கும்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் அதன் ஓட்டை 2025-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெளிச்சத்துக்கு வந்தது. பல அக்கம்பக்கக் குழுக்களின் பணத்தை வைத்திருந்த சான் ஃபிரான்சிஸ்கோ பார்க்ஸ் அலையன்ஸ், குறிப்பிட்ட திட்டங்களுக்கென்று வந்த நிதியில் குறைந்தது 38 லட்சம் டாலரைத் தன் அன்றாடச் செலவுக்கு எடுத்திருந்தது தெரியவந்தது. அந்த ஆண்டே அமைப்பு மூடப்பட்டது. தெருவில் நின்று பணம் திரட்டிய குழுக்கள், தங்கள் பணம் திரும்புமா என்று தெரியாமல் நின்றன. ஆகவே யாருடைய கணக்கில் பணம் வைத்தாலும் மூன்று கேள்விகளை முன்பே கேட்க வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த நிதி தனி வங்கிக் கணக்கில் இருக்கிறதா? இருப்பு விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு வருமா? தணிக்கை அறிக்கையைப் பார்க்கலாமா?

இன்னொரு வழி, ஈடுநிதி. குழு தன் பங்காக எவ்வளவு கொண்டுவருகிறதோ அதற்கு ஈடாக நகரம் கொடுக்கும். சியாட்டிலில் 1980-களின் இறுதியில் தொடங்கிய திட்டத்தில் குழு தன் பங்கைப் பணமாகத்தான் தரவேண்டும் என்பதில்லை. உழைத்த மணி நேரத்தையும் கணக்கில் காட்டலாம். கையில் காசில்லாத பகுதிக்கும் கதவு திறக்கும் ஏற்பாடு இது. இதற்காகத்தான் வருகைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே எழுத வேண்டும்: யார் வந்தார், எத்தனை மணி நேரம், என்ன வேலை.

## வசதியான பகுதியின் பூங்கா மட்டும் பச்சையாக இருந்தால்

தன்னார்வத் தொண்டுக்கு முதல் தேவை ஓய்வு நேரம். இரண்டு வேலை பார்ப்பவருக்கும், வாடகை ஏறினால் அடுத்த ஆண்டு வேறு பகுதிக்குப் போகவேண்டியவருக்கும் அது இருக்காது. நிதி திரட்டும் தொடர்புகளும் வசதியான பகுதியில்தான் அதிகம். ஆக, எல்லாவற்றையும் தன்னார்வத்தின் போக்கில் விட்டால், ஏற்கெனவே நன்றாக இருக்கும் பூங்கா இன்னும் நன்றாகும். மோசமாக இருப்பது அப்படியே கிடக்கும். தன்னார்வக் குழுக்கள் மீது வைக்கப்படும் விமர்சனங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது இதுதான்.

நியூயார்க்கில் இது அரசியலாகவே வெடித்தது. பணக்காரப் பூங்கா அமைப்புகள் தங்கள் பட்ஜெட்டில் 20 விழுக்காட்டை ஏழைப் பகுதிப் பூங்காக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2013-ல் மாநில செனட்டர் டேனியல் ஸ்குவாட்ரன் ஒரு மசோதாவை முன்வைத்தார். நன்கொடையாளர் ஒரு பூங்காவுக்கென்று கொடுத்த பணத்தை வேறிடத்துக்குத் திருப்பினால் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. அது சட்டமாகவில்லை. ஆனால் 2014-ல் நகரம், நீண்டகாலம் முதலீடு காணாத, மக்கள் நெருக்கமான ஏழைப் பகுதிகளின் சிறு பூங்காக்களைப் புதுப்பிக்கத் தனித் திட்டம் தொடங்கியது.

இதில் நான் சரியென்று நினைக்கும் வழி இரண்டாவதுதான். நன்கொடையைக் கட்டாயமாகப் பிடுங்குவதைவிட, எந்தப் பகுதிக்கு நன்கொடை வராது என்று தெரிந்துகொண்டு வரிப்பணத்தை அங்கே கூடுதலாக அனுப்புவது நகரத்தால் முடியும். பணத்தோடு ஆளையும் அனுப்ப வேண்டும். 1995-லிருந்து நியூயார்க்கில் இயங்கும் "பார்ட்னர்ஷிப்ஸ் ஃபார் பார்க்ஸ்" என்ற கூட்டு முயற்சி அதைச் செய்கிறது. பூங்காத் துறையும் ஒரு தொண்டு அறக்கட்டளையும் சேர்ந்து களப் பணியாளர்களை நியமித்து, குழு இல்லாத இடத்தில் குழு உருவாகவும் அனுமதி வாங்கவும் சிறு நிதி பெறவும் உதவுகின்றன.

தன்னார்வலர் இலவசம் என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்பதும் இங்கேதான் தெரியும். அவர்களை ஒருங்கிணைக்க, பயிற்சி கொடுக்க, கருவி கொண்டுவர, பிடுங்கிய களையை மறுநாள் லாரியில் ஏற்றிப்போக நகரம் சம்பளத்துக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும். குவித்துவைத்த களை மூட்டைகள் இரண்டு வாரம் அங்கேயே கிடந்தால் அடுத்த முறை பாதிப் பேர் வரமாட்டார்கள்.

## குழு வந்தபின் நகரம் விலகுகிறதா என்று பார்ப்பது எப்படி

தொடக்கத்தில் பார்த்த இருவரில் முதலாமவரின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பயம் இதுதான்: நாம் செய்ய ஆரம்பித்தால் அவர்கள் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் அதற்குத் தீர்வு வேலை செய்யாமல் இருப்பதல்ல, அளந்து வைப்பது. குழு தொடங்கும் மாதத்திலேயே பூங்காவின் நிலையைப் பதிவு செய்ய வேண்டும். எத்தனை விளக்கு, எத்தனை எரிகிறது; குப்பை வண்டி எந்தெந்த நாள் வருகிறது; பணியாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறார்; எந்தப் புகார் எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது. ஓராண்டு கழித்து அதே பட்டியலை நிரப்பினால் விடை கையில் இருக்கும். பணியாளர் நேரம் குறைந்திருந்தால், எவ்வளவு நல்ல காரியம் செய்துகொண்டிருந்தாலும், குழு அந்த வேலையை நிறுத்திவிட்டு பட்ஜெட் கூட்டத்துக்குப் போக வேண்டும்.

குழுவுக்குள்ளேயும் ஒன்றை அளக்கலாம். முதல் ஆண்டில் உற்சாகம் தானாக வரும். இரண்டாம் ஆண்டில் எல்லா வேலையும் இரண்டு மூன்று பேர் தலையில் வந்து விழுந்திருக்கும். சாவி ஒருவரிடம், வங்கிக் கணக்கின் கையெழுத்து அவரிடமே, எந்தச் செடி எங்கே என்பது அவர் மனதில் மட்டும். அவர் ஊர் மாறினால் பூங்கா முதல் நாள் நிலைக்குத் திரும்பிவிடும். சாவிக்கு ஒரு பிரதி, வங்கியில் இரண்டு கையெழுத்து, கருவிப் பட்டியல், நட்டவற்றின் வரைபடம், பூங்கா அலுவலகத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற குறிப்பு, அடுத்த பருவத்தில் எந்த மூலையில் எந்தக் களை திரும்ப முளைக்கும் என்ற குறிப்பு. இவ்வளவையும் ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் பொறுப்புக்கு மாற்ற வேண்டும்.